500 ஜிபி இமேஜ் 500 ஜிபி எஸ்எஸ்டியில் ஏறவில்லை: 1000-ஆ, 1024-ஆ, எந்தக் கணக்கு?

புதுவட்டு (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. விர்ச்சுவல் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லினக்ஸ் சர்வரை நிஜ மெஷினுக்கு மாற்ற வேண்டும். விஎம் (அந்த விர்ச்சுவல் மெஷின்) உருவாக்கியபோது, அதன் வட்டு ஃபைலை உண்டாக்கும் க்யூஎமு-இமேஜ் கட்டளையில் அளவை 500ஜி என்று கொடுத்தது, ரா இமேஜ் (வட்டின் உள்ளடக்கம் சுருக்காமல் அப்படியே இருக்கும் ஃபைல்). அதே அளவு என்பதால் 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, டிடி கட்டளையால் அப்படியே நகலெடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் ஓடிவிட்டு, வட்டில் இடமில்லை என்று நின்றுவிட்டது.

டிடி கடைசியாகக் காட்டிய வரியில் 500107862016 பைட் நகலானதாகவும், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 500 ஜிபி, 466 ஜிஐபி என்றும் இருக்கிறது. இமேஜ் ஃபைலை எல்எஸ் கட்டளையில் சின்ன எச் போட்டுப் பார்த்தால் 500ஜி. எஸ்எஸ்டியை விண்டோஸில் செருகிப் பார்த்தால் 465 ஜிபி. ஒரே வட்டுக்கு மூன்று எண்கள் வருகின்றன, எதை நம்புவது?

1024, 1000 என்று இரண்டு கணக்கு உண்டு என்பது பொதுவாகத் தெரியும். ஆனால் எந்த இடத்தில் எது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று ஒரு நிதானமான வழி வேண்டும். இணையத்தில் இருக்கும் மாற்றிகளில் ஒன்று ஒரு விடை சொல்கிறது, அடுத்தது வேறு விடை சொல்கிறது. இன்னொன்று, எஸ்எஸ்டியே குறைவாக வந்திருக்கிறதா, திருப்பி அனுப்ப வேண்டுமா? உள்ளே இருக்கும் டேட்டா பாதி அளவுகூட இல்லை, அதனால் இந்த வட்டிலேயே எப்படியாவது ஏற்ற முடிந்தால் நல்லது. ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் பகுதி) எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், வட்டில் கடைசியாக இருப்பது அதுதான், பார்ட்டிஷன் பட்டியல் ஜிபிடி டேபிள்.

பைட்எண்ணி:

வட்டு சரியாகத்தான் வந்திருக்கிறது, திருப்பி அனுப்ப வேண்டாம். க்யூஎமு-இமேஜில் ஜி என்றால் 1024-ஐ மூன்று முறை பெருக்கியது, இதன் சரியான பெயர் ஜிஐபி. வட்டுப் பெட்டியில் ஜிபி என்றால் 1000-ஐ மூன்று முறை பெருக்கியது. உங்கள் இமேஜ் 536,870,912,000 பைட், வட்டு 500,107,862,016 பைட். கிட்டத்தட்ட 3,676 கோடி பைட் மிச்சமாகிறது, அது ஏறாது. அவ்வளவுதான் விஷயம்.

செக்டர்512:

பைட்எண்ணி சொன்னது சரி. நீங்கள் நிதானமான வழி கேட்டதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு பழக்கம். ஜிபியிலிருந்து நேராக ஜிஐபிக்குத் தாவாதீர்கள். நடுவில் பைட்டில் இறங்கி ஏறுங்கள். பைட் எண்ணிக்கை எந்த மென்பொருளிலும் ஒன்றுதான், அதில் 1000-க்கும் 1024-க்கும் வேலையே இல்லை. இருக்கும் எண்ணைப் பைட்டாக்க எந்த அடியால் பெருக்குவது, வேண்டிய அலகுக்குப் போக எந்த அடியால் வகுப்பது, இந்த இரண்டு கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் தெரிந்தால் போதும். இணைய மாற்றிகள் முரண்படுவதற்குக் காரணமே, ஜிபி என்று நீங்கள் தட்டினால் அது எந்த ஜிபி என்று அவை உங்களைக் கேட்காமல் தாமே ஒன்றை முடிவு செய்துகொள்வதுதான்.

உங்கள் வட்டையே எடுத்துக்கொள்வோம். 500,107,862,016 பைட். இதை 1000-ஆல் மூன்று முறை வகுத்தால் 500.1, பெட்டியில் போட்டிருப்பது. இதையே 1024-ஆல் மூன்று முறை வகுத்தால், அதாவது 1,073,741,824-ஆல் ஒரே முறை வகுத்தால் 465.76. டிடி அதை முழுமையாக்கி 466 ஜிஐபி என்கிறது. விண்டோஸ் தசமத்தை வெட்டிவிட்டு 465 என்கிறது, ஆனால் பக்கத்தில் ஜிஐபி என்று போடாமல் ஜிபி என்றே போட்டுவிடுகிறது. நீங்கள் பார்த்த மூன்று எண்களும் ஒரே பைட் எண்ணிக்கைதான். விண்டோஸில் டிரைவ் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் திறந்தால் முழு பைட் எண்ணிக்கையும் அங்கேயே பக்கத்தில் இருக்கும், சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். லினக்ஸில் பிளாக்டெவ் கட்டளைக்கு கெட்சைஸ்64 என்று கொடுத்தால் வெறும் பைட் வரும்.

அந்த 500-க்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் 107,862,016 எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? அதுவும் தற்செயல் இல்லை. வட்டுத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஐடெமா அமைப்பு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. ஜிபி அளவிலிருந்து 50-ஐக் கழித்து, 1,953,504-ஆல் பெருக்கி, 97,696,368-ஐக் கூட்டினால் 512 பைட் செக்டர்களின் (வட்டு படித்து எழுதும் சிறு துண்டுகள்) எண்ணிக்கை வரும். 500-க்குப் போட்டுப் பாருங்கள்: 450 பெருக்கல் 1,953,504 என்பது 879,076,800, அதோடு கூட்டினால் 976,773,168 செக்டர். அதை 512-ஆல் பெருக்கினால் உங்கள் டிடி சொன்ன அதே 500,107,862,016. இந்தச் சூத்திரத்தைப் பின்பற்றும் 1 டிபி வட்டு எந்த நிறுவனத்துடையது என்றாலும் 1,953,525,168 செக்டர்தான். அதனால் வட்டு குறைந்து வந்ததா என்று பார்க்க வேண்டுமானால் செக்டர் எண்ணிக்கையைப் பாருங்கள், விண்டோஸ் காட்டும் 465-ஐப் பார்க்காதீர்கள்.

மனக்கணக்குக்கு: ஜிபி எண்ணிலிருந்து 7 சதவீதம் கழித்தால் ஜிஐபி, டிபி எண்ணிலிருந்து 9 சதவீதம் கழித்தால் டிஐபி. திரும்பி வரும்போது அதே சதவீதத்தைக் கூட்டக்கூடாது, இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 500 ஜிஐபியை ஜிபி ஆக்க 7.4 சதவீதம் கூட்ட வேண்டும், 537 வரும். டிஐபியிலிருந்து டிபிக்கு ஏறக்குறைய 10 சதவீதம். வட்டு வாங்கும்போது இந்தத் தோராயம் போதும், பார்ட்டிஷன் போடும்போது போதாது, அங்கே முழு எண்தான்.

புதுவட்டு:

மிக்க நன்றி இருவருக்கும். சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன், கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறது, மனசுக்கு நிம்மதி.

ஒரு சந்தேகம். ஜிபிக்கு 7, டிபிக்கு 9 என்று வித்தியாசம் ஏன் மாறுகிறது? 1024-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசம் 2.4 சதவீதம்தானே?

பைட்எண்ணி:

ஒவ்வொரு படியிலும் அந்த 2.4 திரும்பத் திரும்பப் பெருகுகிறது, வட்டிக்கு வட்டி மாதிரி. கிலோவில் 2.4, மெகாவில் 1.024-ஐ இரண்டு முறை பெருக்கினால் 4.9, ஜிகாவில் மூன்று முறை, 7.4. டெராவில் 10, பெட்டாவில் 12.6. கிலோபைட் காலத்தில் யாரும் கவலைப்படவில்லை, இன்று பெட்டாபைட் கணக்கில் வட்டு வாங்குகிற இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு காணாமல் போனது போலத் தெரியும்.

செக்டர்512 முதலில் கழித்தது 7, பிறகு கூட்டியது 7.4 என்பதும் இதே காரணம்தான், அடிப்படை எண் மாறுகிறது. 1.0737-ஆல் வகுப்பதும் 0.9313-ஆல் பெருக்குவதும் ஒன்று.

பழையநினைவகம்:

எனக்கு இதில் வேறு கருத்து இருக்கிறது. கணினியில் கிலோ என்றால் முதலிலிருந்தே 1024தான். ரேம் வாங்கினால் இன்றைக்கும் 8 ஜிபி என்பது 8,589,934,592 பைட், அதில் யாரும் குறை சொல்வதில்லை. சிப் தயாரிப்பாளர்களின் ஜெடெக் அமைப்பு வைத்திருக்கும் தரநிலையிலும் நினைவகத்துக்கு 1024 அடிப்படையிலான கிலோ, மெகா, ஜிகா விளக்கம் இருக்கிறது. வட்டு விற்கிறவர்கள் பெரிய எண் காட்டலாம் என்பதற்காக 1000-ஐப் பிடித்துக்கொண்டார்கள், அப்புறம் தரநிலை அமைப்புகள் அவர்களுக்கு ஏற்றபடி புதிய பெயர்களைக் கண்டுபிடித்து, பழைய பெயரை அவர்களிடம் கொடுத்துவிட்டன. வாங்குகிறவன் பக்கம் நின்று பார்த்தால் இது சரியில்லை. அமெரிக்காவில் வழக்குகூடப் போட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-இலும் சீகேட் 2007-இலும் சமரசம் செய்துகொண்டன, வாங்கியவர்களுக்கு பேக்கப் மென்பொருள் கொடுக்க ஒப்புக்கொண்டு. ஒன்றும் இல்லாமலா ஒப்புக்கொண்டார்கள்?

நிரல்நெய்பவர்:

பழையநினைவகம், ரேம் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், வட்டு விஷயத்தில் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தச் சமரசங்களில் நிறுவனங்கள் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை, செலவைத் தவிர்க்க முடித்துக்கொள்வது வழக்கமானதுதான், அதை வைத்து எந்தக் கணக்கு சரி என்று தீர்மானிக்க முடியாது.

ரேமில் 1024 வருவதற்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. பத்து அட்ரஸ் கம்பிகள் இருந்தால் ஒவ்வொன்றும் 0 அல்லது 1, மொத்தம் 1024 இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு கம்பி சேர்த்தால் 2048. நடுவில் 1000-இல் நிறுத்தினால் மீதி 24 முகவரிகள் வீணாகக் கிடக்கும். அதனால் சிப் செய்கிறவர்கள் இரண்டின் அடுக்கிலேயே செய்தார்கள், 1000-க்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கிலோ என்று கூப்பிட்டார்கள். ஒரு வசதிக்காகச் சொன்னது பழக்கமாகிவிட்டது.

வட்டில் அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. எத்தனை தகடு, எத்தனை டிராக், ஒரு டிராக்கில் எத்தனை செக்டர் என்பதெல்லாம் எந்திரவியலும் காந்தப் பூச்சும் அனுமதிக்கிறபடி எந்த எண்ணாகவும் இருக்கலாம். செக்டர் மட்டும்தான் 512 அல்லது 4096. 1956-இல் ஐபிஎம் 350 வட்டு வந்தபோதே அதன் கொள்ளளவை 50 லட்சம் எழுத்துகள் என்றுதான் சொன்னார்கள், பத்தின் அடுக்கில். பெரிய எண் காட்டுவதற்காக இடையில் யாரோ மாற்றினார்கள் என்பது வட்டின் வரலாற்றோடு பொருந்தவில்லை.

உண்மையிலேயே குழப்பமான ஒன்றைச் சொல்லவா? 1.44 எம்பி ஃபிளாப்பி. 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512. பெருக்கினால் 1,474,560 பைட். 1000 கணக்கில் 1.47 எம்பி, 1024 கணக்கில் 1.41 எம்ஐபி. 1.44 எப்படி வந்தது? 1,474,560-ஐ ஒருமுறை 1024-ஆல் வகுத்து 1440 ஆக்கி, அடுத்த முறை 1000-ஆல் வகுத்துவிட்டார்கள். இரண்டையும் கலந்த மூன்றாவது மெகாபைட் அது. 700 எம்பி சிடி 1024 கணக்கு, 4.7 ஜிபி டிவிடி 1000 கணக்கு, அதனால்தான் டிவிடியில் 4.38-க்கு மேல் ஏறாது என்று விண்டோஸில் தெரியும். ஒரே டிரைவில் போகும் இரண்டு தட்டுகளுக்கு இரண்டு கணக்கு.

இந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான் சர்வதேச மின்தொழில்நுட்பத் தரநிலை அமைப்பான ஐஇசி 1998 டிசம்பரில் நடுவில் ஐ சேர்த்த தனிப் பெயர்களை ஏற்றுக்கொண்டது. ஜிபி பத்தின் அடுக்குக்கு, ஜிஐபி இரண்டின் அடுக்குக்கு. இன்று அது ஐஇசி 80000-13 தரநிலையில் இருக்கிறது. கிலோகிராம் ஆயிரம் கிராம், கிலோமீட்டர் ஆயிரம் மீட்டர் என்று உலகம் முழுக்க இருக்கும்போது பைட்டுக்கு மட்டும் வேறு கிலோ எதற்கு? மேக் ஓஎஸ் 2009-இல் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலேயே வட்டு அளவை 1000 கணக்கில் காட்டத் தொடங்கிவிட்டது. விண்டோஸ் மட்டும் 1024-ஆல் வகுத்துவிட்டு ஜிபி என்று எழுதுவதைத் தொடர்கிறது. அது ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தால் இந்த மாதிரிக் கேள்விகளில் பெரும்பகுதி வந்தே இருக்காது என்பது என் திடமான கருத்து.

பழையநினைவகம்:

ஐபிஎம் 350 தகவல் புதிது, நன்றி. ஆனாலும் வாங்குகிறவர் எல்லாரும் தரநிலை படித்துவிட்டு வருவதில்லை. பெட்டியில் சின்ன எழுத்தில் 1 ஜிபி என்பது நூறு கோடி பைட் என்று போடுகிறார்கள், அதைப் பெரிய எழுத்தில் போடலாமே. இந்த அளவில் என் கருத்து மாறாது.

நிரல்நெய்பவர்:

அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

கொள்கலன்:

சர்வர் வேலை என்பதால் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன், புதுவட்டு இனிமேல் ஸ்கிரிப்ட் எழுதும்போது இதெல்லாம் குறுக்கே வரும். ஒவ்வொரு கருவியும் எழுத்தை ஒவ்வொரு விதமாகப் படிக்கிறது, மேனுவல் பார்க்காமல் எந்த எழுத்தையும் நம்பாதீர்கள்.

வட்டில் மீதி இடம் காட்டும் டிஎஃப் கட்டளையில் சின்ன எச் போட்டால் 1024, பெரிய எச் போட்டால் 1000. டிடியில் பிளாக் அளவு 1எம் என்றால் 1,048,576 பைட், 1எம்பி என்றால் சரியாகப் பத்து லட்சம் பைட். பார்ட்டிஷன் போடும் பார்ட்டெட் கட்டளை ஜிபி என்றால் 1000 கணக்கு, ஜிஐபி என்றால் 1024 கணக்கு, தரநிலையை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. வட்டு இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம்-இல் இன்னும் விசேஷம்: காட்டும்போது யூனிட்ஸ் விருப்பத்தில் சின்ன ஜி 1024, பெரிய ஜி 1000, ஆனால் உருவாக்கும்போது அளவு கொடுத்தால் பெரியதோ சின்னதோ இரண்டுமே 1024தான். விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்ட்டிஷன் அளவை எம்பியில் கேட்கும், அது 1024 கணக்கு, ஆகவே 100 ஜிபி என்று காட்ட வேண்டுமானால் 102400 என்று கொடுக்க வேண்டும், 100000 கொடுத்தால் 97.66 வரும்.

கன்டெய்னர் (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் முறை) பக்கம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். டாக்கரில் மெமரி வரம்பு 512 சின்ன எம் என்றால் 512 எம்ஐபி. அதே பழக்கத்தில், பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் கோப்பில் சின்ன எம் போட்டால் அங்கே அதற்கு மில்லி என்று பொருள், ஆயிரத்தில் ஒரு பங்கு. 400 சின்ன எம் என்றால் 0.4 பைட் மெமரி கேட்டதாக ஆகிவிடும், அவர்களுடைய ஆவணத்திலேயே இதை எச்சரித்திருக்கிறார்கள். பெரிய எம் என்றால் பத்து லட்சம், எம்ஐ என்றால் 1,048,576. 128 எம்ஐ என்பது 134,217,728 பைட், 128 பெரிய எம் என்பது 128,000,000. அறுபது லட்சம் பைட் வித்தியாசம், மெமரி வரம்பைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற புரோகிராமுக்கு அது உயிர் போகிற வித்தியாசம்.

இணைப்புவேகம்:

நெட்வொர்க்கை யாரும் தொடவில்லையே. அங்கே எப்போதும் 1000தான், அதுவும் பைட் இல்லை, பிட். 1 ஜிபிபிஎஸ் இணைப்பு என்றால் நொடிக்கு நூறு கோடி பிட், எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 கோடி பைட். புதுவட்டின் இமேஜை அதில் அனுப்பினால் 536,870,912,000 பெருக்கல் 8, வகுத்தல் நூறு கோடி, 4295 நொடி, அதாவது எழுபத்தொன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 500 என்றதும் 500 பெருக்கல் 8 என்று போட்டால் 4000 நொடி, ஏறக்குறைய அறுபத்தேழு நிமிடம்தான் வரும். ஐந்து நிமிடம் எங்கே போனது என்று நெட்வொர்க்கைக் குறை சொல்வார்கள். ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகும் ஹெடர் சுமையெல்லாம் இதற்கு மேல் தனி.

செக்டர்512:

புதுவட்டு, உங்கள் உண்மையான வேலைக்கு வருவோம். டேட்டா பாதிக்கும் குறைவு என்பதால் இதே வட்டில் தாராளமாக ஏற்றலாம். இமேஜுக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

விஎம்-மை லைவ் ஐஎஸ்ஓ-வில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) பூட் செய்யுங்கள், ரூட் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகாமல் இருக்க வேண்டும், எக்ஸ்ட்4-ஐ ஓடிக்கொண்டிருக்கும்போது சுருக்க முடியாது. ஜிபார்ட்டெட் இருந்தால் ஃபைல் சிஸ்டத்தையும் பார்ட்டிஷனையும் சரியான வரிசையில் அதுவே சுருக்கிவிடும். கையால் செய்வதானால் முதலில் ஃபைல் சிஸ்டம், அப்புறம்தான் பார்ட்டிஷன். தலைகீழாகச் செய்தால் டேட்டாவின் வால் வெட்டுப்படும். இங்கேதான் அலகு கவனம். ஃபைல் சிஸ்டத்தின் அளவை மாற்றும் ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளைக்கு 450ஜி என்றால் 450 ஜிஐபி. பார்ட்டெட்டில் போய் 450ஜிபி என்று கொடுத்தால் அது 419 ஜிஐபிதான், ஃபைல் சிஸ்டத்தைவிடப் பார்ட்டிஷன் சின்னதாகிவிடும். ஜிஐபி என்றே எழுதுங்கள், அதோடு ஒன்றிரண்டு ஜிஐபி கூடுதலாகவும் விடுங்கள். பார்ட்டெட் கேட்பது பார்ட்டிஷன் முடியும் இடத்தை, அதன் நீளத்தை இல்லை. முன்னால் இருக்கும் பூட் பார்ட்டிஷன் அளவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசிப் பார்ட்டிஷன் 460 ஜிஐபிக்குள் முடிகிறது என்று உறுதி செய்துவிட்டு, டிடியில் பிளாக் அளவு 1எம், எண்ணிக்கை 471040 என்று கொடுங்கள். 460 பெருக்கல் 1024 அது. மொத்தம் 493,921,239,040 பைட், உங்கள் வட்டில் 618 கோடி பைட் மீதி இருக்கும்.

ஒன்று மீதி. ஜிபிடி டேபிளின் மாற்றுப் பிரதி வட்டின் கடைசி செக்டர்களில் இருக்கும். இமேஜின் வாலை நாம் எடுத்துப் போகவில்லை, அதனால் புதிய வட்டில் அது இருக்காது, முதல் பிரதியிலும் பழைய வட்டின் கடைசி செக்டர் எண்ணே எழுதியிருக்கும். எஸ்ஜிடிஸ்க் கட்டளையில் சின்ன இ கொடுத்தால் மாற்றுப் பிரதியைப் புதிய வட்டின் முடிவுக்கு நகர்த்தி எழுதும். அதன் பிறகு விருப்பமிருந்தால் பார்ட்டிஷனை வட்டின் கடைசி வரை நீட்டி, ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையை அளவு எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் இருக்கும் இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

புதுவட்டு:

முடிந்தது! ஜிபார்ட்டெட்டில் சுருக்கினேன், அது அளவுகளை எம்ஐபி, ஜிஐபி என்று எழுதியே காட்டுகிறது, அதனால் குழப்பமே வரவில்லை. 471040 கொடுத்து டிடி ஓட்டியதும் 493921239040 பைட் என்று நீங்கள் சொன்ன எண்ணே வந்தது. எஸ்ஜிடிஸ்க் ஓட்டுவதற்கு முன்னால் பார்ட்டெட்டில் பார்த்தேன், மாற்றுப் பிரதி பற்றி எச்சரிக்கை காட்டியது, ஓட்டிய பிறகு போய்விட்டது. சர்வர் இப்போது நிஜ மெஷினில் பூட் ஆகி ஓடுகிறது. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மிரர் போட (அதே டேட்டாவை இரண்டு வட்டிலும் வைக்க) இன்னொரு வட்டு வாங்கப் போகிறேன். 480 ஜிபி, 500 ஜிபி, 512 ஜிபி என்று மூன்று அளவு எஸ்எஸ்டி இருக்கிறது. 512-தான் 1024 கணக்கா?

செக்டர்512:

இல்லை, மூன்றுமே 1000 கணக்குதான். 512 ஜிபி என்று பெட்டியில் இருந்தால் 51,200 கோடி பைட்டைச் சற்று தாண்டியிருக்கும், விண்டோஸில் 476 என்று தெரியும். எஸ்எஸ்டியின் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப்புகள் பெரும்பாலும் இரண்டின் அடுக்கில் வருகின்றன. 512 ஜிஐபி ஃபிளாஷை வைத்துக்கொண்டு வெளியே 480, 500 அல்லது 512 ஜிபி மட்டும் காட்டுவார்கள். மீதி இடம் கெட்டுப்போகும் பிளாக்குகளுக்கு மாற்றாகவும், எழுதும் சுமையை எல்லா செல்களுக்கும் பரப்பவும் பயன்படுகிறது. வெளியே குறைவாகக் காட்டும் வட்டில் அந்த உதிரி இடம் அதிகம். இங்கே 1000-க்கும் 1024-க்கும் உள்ள இடைவெளி நமக்கு நன்மையாகவே வேலை செய்கிறது.

மிரருக்கு 480 வேண்டாம், இருக்கும் 500-ஐவிடச் சின்னது, சேர்க்கும்போதே மறுத்துவிடும். 500 அல்லது 512 வாங்குங்கள். மிரர் பார்ட்டிஷனை வட்டின் கடைசி செக்டர் வரை இழுக்காமல் ஒரு ஜிஐபியாவது காலியாக விட்டுவிடுங்கள், எல்லாத் தயாரிப்பாளரும் அந்த 976,773,168 செக்டரை அப்படியே பின்பற்றுவார்கள் என்று நம்ப வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன்னால் டேட்டாஷீட்டில் செக்டர் எண்ணிக்கை போட்டிருந்தால், ஜிபியை விட்டுவிட்டு அதை ஒப்பிடுங்கள்.